பீரோவுக்குப் பின்னால் இரண்டு பூ

ஜனவரி 7, செவ்வாய்

ஹாலை அளந்தாயிற்று. இந்தப் பக்கச் சுவர் பதினாறடி மூன்று அங்குலம். எதிர்ச்சுவர் பதினாறடி ஒன்று. ஒரே அறைக்கு இரண்டு நீளம். வத்தலக்குண்டில் இருபது வருஷம் ஜாக்கெட் தைத்தவளுக்கு இது புதிதில்லை. இரண்டு தோளும் ஒரே அளவாக இருக்கிற பெண்ணை நான் இன்னும் பார்த்ததில்லை. ஆனால் பெண்களிடம் மூச்சைப் பிடித்து நேராக நிற்கச் சொல்லலாம். சுவரிடம் சொல்ல முடியாது.

எதற்கு இந்த வேலை? பின்னால் நானே கேட்டுக்கொள்ளும்போது பதில் வேண்டுமே, அதனால் எழுதி வைக்கிறேன். இந்த வீட்டுக்கு வந்து நாலு மாதம். நாற்பத்தொரு வயதில் எனக்கு முதல் நிக்காஹ், அவருக்கு இரண்டாவது. தையல் கடையை முருகம்மாளிடம் விட்டுவிட்டுக் கொடைக்கானல் ஏறினேன். அவர் பஜாரில் ஸ்வெட்டர், குடை விற்கிறார். ஒலியுல்லா கடை என்றால் தெரியும். காலையில் போனால் கடை அடைத்துத்தான் வருகிறார். மகள் அப்ரின், இருபது வயது, கல்லூரியில் கடைசி வருஷம். தங்கமான பெண். பேங்க் கவுண்டரில் இருப்பவரிடம் பேசுவதுபோல என்னிடம் அவ்வளவு மரியாதையாகப் பேசுகிறாள். இரண்டு பேரும் கிளம்பிவிட்டால் நானும் நாலு சுவரும்தான். சுவரோடாவது சினேகம் பிடிக்கலாம் என்று பார்த்தேன்.

போனில் ஒரு வெள்ளைக்காரப் பெண் ஒன்றரை நிமிஷத்தில் சுவர் முழுக்கப் பீடிங் என்கிற மெல்லிய மரச்சட்டத்தை அடித்து, வீட்டை ராஜா வீடாக ஆக்கிவிடுகிறாள். தலைமுடிகூடக் கலையவில்லை.

எங்கள் ஹாலில் நெஞ்சு உயரத்தில் சுற்றிலும் ஒரு நீலப் பூ பார்டர் ஓடுகிறது. சுவரில் கையால் வரைந்தது. வந்த முதல் நாளே காட்டினார். "ஜஹனாரா போட்டது. சீக்கா கெடந்தவ, நான் சரக்கெடுக்கத் திருப்பூர் போயிருந்தப்ப ஒத்த ஆளா போட்டு முடிச்சுட்டா. அந்த வாரம் அம்புட்டு நல்லாருந்தா." அவருடைய முதல் மனைவி, அதற்கடுத்த மாதம் மௌத்தாகிப் போய்விட்டார். நாலு வருஷம் ஆகிறது. வருகிறவர்கள் எல்லாருக்கும் அவர் அதைக் காட்டுகிறார். வந்தவர்கள் பூவைப் பார்க்கிறார்கள், பிறகு என்னைப் பார்க்கிறார்கள்.

அதைத் தொடமாட்டேன். மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை பீடிங். புடவைக் கரைக்கு இரண்டு பக்கமும் லேஸ் வைப்பது மாதிரி. ஜஹனாரா போட்டது ஜஹனாராவுடையதாக இருக்கும், என் கைக்கும் இந்த வீட்டில் ஒரு ஓரம் இருக்கும். இவ்வளவுதான் ஆசை. பெரிய ஆசையா?

ஜனவரி 9, வியாழன்

வத்தலக்குண்டுக்குப் போய் பீடிங் வாங்கிவந்தேன். ஒவ்வொன்றும் எட்டடி. பஸ் எத்தனை அடி என்று யோசிக்காமல் வாங்கியவள் நான்.

டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கம்பியில் துப்பட்டாவால் கட்டி, மறுமுனையைத் தோளில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். கண்டக்டர் வந்து, "என்னக்கா, தூண்டிலா? ஏரியில மீன் புடிக்க விடமாட்டாங்க" என்றார். மலை ஏற ஆரம்பித்ததும் ஒவ்வொரு வளைவிலும் கட்டு பஸ்ஸின் குறுக்கே வீசியது. புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று முன்னால். "குனிங்க, குனிங்க!" என்று நான் கத்த, நாலாவது வளைவில் பஸ்ஸே சேர்ந்து குனிந்தது. பள்ளிக்கூட டிரில் பீரியடில்கூட அத்தனை ஒழுங்கு கிடையாது. அந்த மாப்பிள்ளை இறங்கும்போது, "அக்கா, நீங்க எப்ப திரும்பி எறங்குறீங்க? சொன்னீங்கன்னா வேற பஸ்ஸுல போயிருவோம்" என்றான்.

ஜனவரி 11, சனி

ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். உள்ளே இருக்கும் குமிழி நடுவில் நிற்கவேண்டும். நம் வீட்டில் அது ஒரு ஓரமாகப் போய் ஒண்டிக்கொள்கிறது, புதுமருமகள் மாதிரி. வீடே தெற்கே சாய்ந்திருக்கிறது. நானும் கொஞ்சம் சாய்ந்து நின்று பார்த்தால் எல்லாம் நேர்.

மூலையில் இரண்டு பீடிங் சேர நாற்பத்தைந்து டிகிரியில் வெட்டவேண்டுமாம். வெட்டினேன். இடையில் சந்து. அந்தச் சந்தில் ஒரு மேரி பிஸ்கட் வைத்துப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. அதையே விட்டுவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

அப்ரின் வந்து நின்றாள். "இது எதுக்குங்க?"

"அழகுக்கும்மா."

"ஓ."

அவ்வளவுதான். அந்த 'ஓ'வை வைத்துக்கொண்டு சாயங்காலம் முழுக்க யோசித்தேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல் கூட்டம், இரண்டு பேரும் கடையில். ஒரு பீடிங்கை வெட்டினேன், குட்டையாகப் போயிற்று. துணியென்றால் ஒட்டுப் போடலாம்.

ஜனவரி 16, வியாழன்

போச்சு. எல்லாம் போச்சு. நான் ஏன் இந்த மலை ஏறுனேன்?

முதல் துளை அழகாக இறங்கியது. இரண்டாவதும். மூன்றாவதுக்கு டிரில்லை வைத்ததும் சுவர் 'டொப்' என்றது, காலிப் பானையைத் தட்டினாற்போல. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. வெள்ளைக்காரி நிறுத்தினாளா என்ன? நாலாவது துளையில் சுவரில் ஒரு விரிசல் மெதுவாக நடந்துபோனது. கண் முன்னால். நான் கையால் தடுத்தேன். காரைச் சுவரை உள்ளங்கையால் தாங்கிப் பிடிக்கலாம் என்று நினைத்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

கதவு அகலத்துக்கு ஒரு பாளம். பொலபொலவென்று காலடியில். அதில் ஜஹனாரா போட்ட பூ பதினொன்று. எண்ணிப் பார்த்தேன். எண்ணுவதில் மட்டும் குறைச்சலே இல்லை.

அழக்கூட நேரமில்லை. எதிர்ச்சுவரில் இருந்த ஸ்டீல் பீரோவைக் காலி செய்தேன். காலுக்கடியில் சாக்கைச் செருகி அங்குலம் அங்குலமாக இழுத்துவந்து ஓட்டைக்கு முன்னால் நிறுத்தினேன். எங்கிருந்து வந்தது அத்தனை பலம்? இடிசலைத் துணிக்கூடையில் அள்ளி, பின்னால் மரத்தக்காளிச் செடிக்கு அடியில் கொட்டினேன்.

சாயங்காலம் அப்ரின் கேட்டாள். "பீரோ ஏன் இங்க வந்துச்சு?"

"அங்க வெயில் படுதும்மா. துணியெல்லாம் வெளுத்துரும்."

ஜனவரி மாதம். கொடைக்கானல். வெயில். அவள் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே மூடுபனி வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டாற்போல நின்றது.

பிறகு பீரோ இருந்த இடத்துக்குப் போனாள். பின்னால் மறைந்திருந்த இரண்டு பூ வெளியே வந்திருந்தது. ஹாலிலேயே மோசமானவை அவைதான். ஒரு இதழ் பெரிது, ஒரு இதழ் சிறிது, கீழே பெயின்ட் வழிந்து காய்ந்திருக்கிறது. தோளில் பையைக்கூட இறக்காமல் வெகுநேரம் அதன் முன்னால் நின்றாள். அவர் வந்தவர் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

எனக்குப் புரிந்தது. தன் அம்மா போட்டது இத்தனை கோணலாக இருக்கிறதே என்று பிள்ளைக்குச் சங்கடம். ஆள் மனசு எனக்கு அளவெடுக்காமலே தெரியுமே.

ஜனவரி 17, வெள்ளி

பள்ளங்கியிலிருந்து கொத்தனார் திருமலைச்சாமியை வரவழைத்தேன், இரண்டு பேரும் இல்லாத நேரமாகப் பார்த்து. சுவர் முழுக்க விரல் முட்டியால் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டார்.

"யாரும்மா டிரில் போட்டது?"

"ஒரு ஆளு."

"அந்த ஆள இனிமே கூப்புடாதீங்க."

"சரிங்க."

"பழைய சுண்ணாம்புக் காரைம்மா இது. செவத்த விட்டுப் பிரிஞ்சு சும்மா தொத்திக்கிட்டுக் கெடக்கு. சிமெண்டு வச்சா நிக்காது, சுண்ணாம்புதான் பூசணும். காயப் பத்து நாளாகும்."

"வெரசா காயாதா?"

"இந்தப் பனியிலயா?" என்று என்னைப் பார்த்தார். நேற்று அப்ரின் ஜன்னலைப் பார்த்த அதே பார்வை.

திங்கள்கிழமை வருவதாகச் சொன்னார்.

ஜனவரி 18, சனி — பகல்

திட்டம் ரெடி. கொத்தனார் பூசி முடித்ததும் பதினோரு பூவையும் நானே போட்டுவிடப் போகிறேன். எம்ப்ராய்டரி டிசைனை நகலெடுக்கிற மாதிரி, மிச்சமிருக்கும் பூவை டிரேசிங் பேப்பரில் எடுத்தாயிற்று. நிறமும் கிடைத்துவிட்டது, என்னிடமிருந்த ஃபேப்ரிக் பெயின்ட்டில் ஒரு துளி வெள்ளை கலந்தால் அதே நீலம்.

கை பழகவேண்டுமே. பீரோ இருந்த இடத்துக் கோணல் பூவில் ஒன்றை எடுத்துக்கொண்டேன். வழிசலை மறைத்து, இதழ்களை ஒரே அளவாக்கி, ஓரம் கட்டி — அச்சடித்தாற்போல ஆகிவிட்டது. அப்ரின் பார்த்தால் சந்தோஷப்படுவாள். அடுத்ததைத் தொடுவதற்குள் கரண்ட் போய்விட்டது. மத்தியானச் சோறு முடித்துத்தான் போடவேண்டும்.

அதே நாள் — அஸர் தொழுகைக்குப் பிறகு

விரலில் இன்னும் பெயின்ட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எழுத்து இப்படித்தான் வரும்.

வெள்ளனே வகுப்பு முடிந்துவிட்டதாம், இரண்டு மணிக்கே வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றினவள் அப்படியே நின்றாள்.

"இதத் தொட்டீங்களா?"

"லேசா… கோணலா இருந்துச்சுல்ல, அதான் சரி பண்ணி—"

ஓடிப்போய் நகத்தால் சுரண்டினாள். துப்பட்டா நுனியை நனைத்துத் தேய்த்தாள். போகவில்லை. போகாது. எத்தனை துவைத்தாலும் போகாது என்று டப்பாவிலேயே எழுதியிருக்கிறது.

"அம்மா போட்டது இது ரெண்டு மட்டுந்தாங்க" என்றாள். "மத்ததெல்லாம் நான் போட்டது."

தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

அத்தா திருப்பூர் போன மறுநாள் அம்மா, ஹாலுக்கு ஒரு பார்டர் போடுவோம் என்றாராம். இவள் கைத்தாங்கலாக நிறுத்திப் பிடிக்க, இரண்டு பூ போட்டார். அதற்குமேல் பிரஷ் நிற்கவில்லை. கட்டிலுக்குப் போய்விட்டார். "மிச்சத்த நீ போடு. அத்தா வந்தா நான் போட்டேன்னு சொல்லுவோம். எந்திரிச்சு நடமாடுறேன்னு நெனச்சு அவருக்கு நிம்மதியா இருக்கும்." மூன்று நாள், பதினாறு வயசுப் பிள்ளை, ஒற்றை ஆளாக நாலு சுவரும் போட்டிருக்கிறாள். அம்மா போட்ட இரண்டும் ஆட்டம் கண்டிருந்ததால், வித்தியாசம் தெரியக்கூடாதென்று பீரோவை இழுத்து அதை மறைத்ததும் இவள்தான்.

"அத்தா கண்டேபுடிக்கல. அம்மா போனப்பறம் அந்தப் பூவத் தொட்டுத் தொட்டுப் பாப்பாங்க. எப்படிச் சொல்றது? என் பூவத் தொட்டுக்கிட்டு அம்மாவ நெனச்சு அழுவாங்க. அம்மா தொட்டது பீரோவுக்குப் பின்னால கெடக்கு."

நாலு வருஷம் இதை ஒரு பிள்ளை சுமந்திருக்கிறது. நான் வந்தேன், ஃபேப்ரிக் பெயின்ட்டோடு.

எழுந்து, பீரோவை ஒரு முழம் இழுத்து ஓட்டையைக் காட்டினேன். எப்படியும் ஒருநாள் தெரியப்போகிறதுதானே. எட்டிப் பார்த்தாள். "வெயிலு இதுதானா?" என்றாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு, பிறகு அழுகை. எனக்கு அழுகை முதலில் வந்தது.

ஜனவரி 19, ஞாயிறு

காலையில் அப்ரின் எனக்கும் சேர்த்துத் தேநீர் போட்டிருந்தாள். சர்க்கரை இல்லை. மறந்தாளா, தண்டனையா, தெரியவில்லை. குடித்தேன்.

ஜனவரி 20, திங்கள்

திருமலைச்சாமியை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரரிடம் சொல்லாமல் இனி இந்தச் சுவரில் ஒன்றும் நடக்கக்கூடாது. அப்ரினிடம், "ஓட்டைய நான் சொல்றேன். பூவச் சொல்றதா வேணாமான்னு நீ முடிவு பண்ணு" என்றேன். "யோசிக்கிறேன்" என்றாள்.

ஜனவரி 24, வெள்ளி

சொல்லியாயிற்று.

காலை, அவர் கடைக்குக் கிளம்புமுன். பீரோவை நகர்த்தி ஓட்டையைக் காட்டி, பீடிங், டிரில், மூன்றாவது துளை, நாலாவது துளை, எல்லாம் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் சத்தம் போடவில்லை. "போட்ட கையே போயிருச்சு. பூ போனா என்ன" என்றார். அந்த ஒரு வார்த்தைதான். அப்ரின் அதைக் கேட்டதும், "அத்தா, அது அம்மா போட்டதில்ல" என்று ஆரம்பித்துவிட்டாள்.

முழுதும் கேட்டார். பிறகு, "அப்ப போன்ல பேசுனாளே?" என்றார். "குரலு தெம்பா இருந்துச்சே."

"தலகாணி வச்சு நிமித்தி உக்கார வச்சுட்டுத்தான் உங்களுக்குப் போன் போட்டோம்த்தா. வச்சதும் படுத்துட்டாங்க."

அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "நல்லாருக்கான்னுதானே நான் அங்கயே ரெண்டு நாள் கூடுதலா இருந்தேன். சும்மா, சரக்கப் பாக்குறேன்னு. நல்லாருக்கான்னுதானே."

அந்த இரண்டு நாளைப் பற்றி அவர் யாரிடமும் சொன்னதில்லை போலிருக்கிறது. அப்ரின் போய் அவர் கையைப் பிடித்தாள். கையை விடுவித்துக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் அடுப்படியில் நின்றேன். இருவருக்கும் நடுவில் போகவும் முடியாது, வீட்டை விட்டுப் போகவும் முடியாது. ஒரு பார்டருக்கு லேஸ் வைக்கத்தானே ஆசைப்பட்டேன், யா அல்லாஹ்.

ஜனவரி 25, சனி

அவர் சாப்பிட்டார். உப்பு அதிகம், எனக்கே தெரிந்தது. அதைக்கூடச் சொல்லவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு வந்தார், சுண்ணாம்பு மூட்டையோடு. தோளெல்லாம் வெள்ளை.

கோணல் பூ இரண்டுக்கும் முன்னால் போய் நின்றார். எது ஜஹனாராவின் பூ, எது நான் கெடுத்த பூ என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கெடாத பூவைத் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இந்த எதழு வழிஞ்சிருக்கு" என்றார்.

"கை நழுவிருச்சுத்தா. நான்தான் புடிச்சேன்."

தலையாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "கொத்தனார வரச் சொல்லு. ஒத்தையில எதையும் இழுக்காத, இடுப்பு போயிரும்" என்றார். பீரோவைத்தான் சொல்கிறார். நாலு மாதத்தில் என் இடுப்பைப் பற்றி யாரும் பேசியது இன்றுதான்.

மிச்சச் சுவர்களில் இருக்கும் பூவை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. அவருக்கு விட மனசில்லை. "நீ போட்டதுதானே. இருக்கட்டும்."

"வேணாம்த்தா. உள்ளே அம்மா மொனங்குறதக் கேட்டுக்கிட்டே போட்டது ஒவ்வொண்ணும். எனக்கு இதப் பாக்க வேணாம்."

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுச் சுண்ணாம்பைக் கரைக்கப் போனார்.

பிப்ரவரி 4, செவ்வாய்

திருமலைச்சாமி பூசி முடித்தார். டிரில்லைப் பார்த்து, "இன்னும் இருக்கா இது?" என்றார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

வெள்ளை அடித்தோம். அப்ரின் தன் பூக்களைத் தானே அடித்தாள், ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல். நான் திருத்திய பூவுக்கு வந்ததும் பிரஷை என்னிடம் நீட்டினாள். "இது உங்க பூ." அடித்தேன். மூன்று தடவை அடித்த பிறகும் நீலம் லேசாகத் தெரிகிறது. தரமான பெயின்ட்.

ஜஹனாராவின் ஒரு பூ மட்டும் சுவரில்.

பிப்ரவரி 22, சனி

பீடிங் ஏறிவிட்டது. டிரில் கிடையாது, திருமலைச்சாமியின் உத்தரவு. கெட்டியான இடமாகத் தட்டிப் பார்த்து அவர் புள்ளி வைத்துக் கொடுக்க, அதில் மட்டும் மெல்லிய ஆணி. மறுமுனையைப் பிடித்துக்கொண்டது அப்ரின். மேல் வரிசையா, கீழ் வரிசையா எதை முதலில் என்று சண்டை வந்தது. முதல் சண்டை. அவளே ஜெயித்தாள்.

பூ இருக்கும் சுவருக்கு வந்ததும் அதைச் சுற்றி நாலு துண்டு வைத்து ஃபிரேம் மாதிரி கட்டலாமா என்றேன். "வேணாங்க. படம் மாட்டுன மாதிரி ஆயிரும். மாலை போடத்தான் தோணும்" என்றாள்.

சரிதான். அதனால் இரண்டு வரிசையும் பூவுக்கு இந்தப் பக்கம் நின்று, அந்தப் பக்கம் மறுபடி தொடங்குகிறது. நடுவில் வெறும் சுவர், அதில் அந்த ஒரு பூ. மூலையில் இன்னும் சந்துகள் இருக்கின்றன. பட்டி வைத்து அடைத்தேன். பிஸ்கட் இல்லை.

மார்ச் 31, திங்கள், பெருநாள்

பழனியிலிருந்து அவருடைய அக்கா வந்திருந்தார். நுழைந்ததும் ஹாலைச் சுற்றி ஒரு பார்வை. பிரியாணியைக்கூடத் தொடவில்லை.

"ஜஹனாரா போட்ட பார்டரு எங்க?" என்று கேட்டது தம்பியை. பார்த்தது என்னை. "வந்து ஆறு மாசத்துல தொடச்சுப்புட்டாளாக்கும்."

சொல்வதற்கு என்னிடம் என்ன இருக்கிறது? அது அவர்கள் மூன்று பேருடைய விஷயம்.

அவர்தான் சொன்னார். "காரை விழுந்துருச்சுக்கா. நான்தான் எல்லாத்தையும் எடுக்கச் சொன்னேன். உக்காரு, சோறு ஆறுது."

அக்காவுக்குச் சமாதானமில்லை. சுவரோரமாக விரலால் தடவிக்கொண்டே நடந்தார், தூசி பார்ப்பதுபோல. பீடிங் நிற்கும் இடத்துக்கு வந்து நின்றார். வழிந்த அந்தச் சின்னப் பூவை, ஏதோ விட்டுப்போன கறை என்றுதான் நினைத்திருப்பார்.

"இதென்ன, இங்க மட்டும் ஓட்டையா விட்டுருக்கு?"

அவர் சோற்றுத் தட்டைப் பார்த்தார். அப்ரின் என்னைப் பார்த்தாள்.

"அளவு தப்பிப்போச்சு மதினி" என்றேன்.

"கண்ணாடி போடாம அளந்துட்டாங்க மாமி" என்றாள் அப்ரின். "நான் அப்பவே சொன்னேன்."

அக்கா சிரித்தார், மனசாரச் சிரித்தார். "இருவது வருசம் தச்சவளாம்! இதுல ஊருக்கெல்லாம் ஜாக்கெட்டு வேற!" பிறகு உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டார். இரண்டாம் முறை கறி கேட்டு வாங்கினார்.

பழனி போய்ச் சேருவதற்குள் இந்தக் கதை வத்தலக்குண்டில் இறங்கி முருகம்மாள் காது வரை போயிருக்கும். இனி இந்த ஹாலுக்கு வருகிற ஒவ்வொருவரும் அதைக் கேட்கப்போகிறார்கள். தையல்காரிக்கு ஒரு சாண் தப்பிவிட்டது என்று சிரிக்கப்போகிறார்கள். சிரிக்கட்டும்.

ஒரு சாண் இல்லை. ஏழே கால் அங்குலம். மூன்று தடவை அளந்து வெட்டினேன்.